உயிர்தப்பிய வாக்குமூலம்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் விசாரணையில் நின்ற 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 3 பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 4 பேருக்கு மட்டுமே தூக்கை உறுதிசெய்தது.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். வெடிகுண்டுக்கு 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாள் குறித்தாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தடைதான் காப்பாற்றியது. 2013இல், அவரது வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே வாய் திறந்தார்: பேட்டரி எதற்கென்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டாராம். தடை கிடைக்காமல் போயிருந்தால் இதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு மாண்டவர்களின் குடும்பங்களுக்கு நேர்ந்தது ஆறாத துயரம். அவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆயுள் தண்டனை அதைத் தரும். பிழை தெரிந்தால் சிறைக் கதவைத் திறக்கவும் வழி வைக்கும்.

பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று 2015இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அந்த விலக்கும் கூடாது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. ஆனால், 2023இல் நிறைவேறிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தூக்கைக் கும்பல் கொலைக்கும் நீட்டித்திருக்கிறது. நாடாளுமன்றம் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.