அட்டவணையை மீட்க வாருங்கள், தோழர்களே!



வரும் ஞாயிற்றுக்கிழமை நம் சமுதாய வானொலியின் புது நிகழ்ச்சி அட்டவணை முடிவாகிறது. வரைவைப் பார்த்தீர்களா? மீனவர் நேரம் பாதியாகிவிட்டது. கூத்துக் கலைஞர்களின் அரை மணி நேரத்தைக் காணோம். வளரிளம் பெண்கள் தாங்களே நடத்தும் நிகழ்ச்சி இனி மாதம் ஒருமுறைதானாம். காலியான இடத்தை எல்லாம் சினிமாப் பாட்டும், விளம்பரதாரர் அனுப்பிவைக்கும் ஆயத்த ஒலிப்பதிவும் பிடித்துக்கொண்டன. இது நிறைவேற நாம் விடக் கூடாது.

சினிமாப் பாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. அதைப் போடத் தனியார் பண்பலைகள் இருக்கின்றன. நம்முடையதைப்போலப் பல மடங்கு சக்திகொண்ட டிரான்ஸ்மிட்டர் அவர்களிடம் இருக்கிறது. நமக்கோ 100 வாட், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம். சுற்றிலும் பத்து கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. பாட்டில் அவர்களோடு மல்லுக்கு நின்று என்ன சாதிக்கப் போகிறோம்? இந்தப் பத்து கிலோமீட்டருக்குள் கருவாடு காயவைக்கும் பெண்ணின் குரலை அவர்கள் எடுத்துப் போடுவார்களா?

அந்தக் கருவாட்டுக் கொட்டகைப் பதிவு உங்களுக்கு நினைவிருக்கும். மைக்கை நீட்டியதும் அக்காமார் வாயை மூடிக்கொண்டார்கள். மைக்கைக் கூடை விளிம்பில் சாத்திவைத்துவிட்டு நாமும் நெத்திலி கழுவ உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. எவ்வளவு மீனுக்கு எவ்வளவு உப்பு என்று ஆரம்பித்தவர்கள், வியாபாரி எடையில் எப்படிக் கை வைக்கிறார் என்பதில் போய் முடித்தார்கள். தகரக் கூரையில் காற்று அடிக்கும் சத்தமும் சேர்ந்தே பதிவானது. அலை உயரமும் காற்றின் வேகமும் கேட்க ரேடியோவைத் திருப்பிய ஆண்கள், அதற்கடுத்த அரை மணியில் தங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னதையும் கேட்டார்கள். நிகழ்ச்சிகள் பலவிதமாக இருப்பதால் கிடைக்கிற பலன் இதுதான். ஒருவர் தனக்கு வேண்டியதைத் தேடி வந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டையும் கேட்டுவிட்டுப் போகிறார். ஒரே மாதிரி நிகழ்ச்சியை நாள் முழுக்க ஓட்டினால் இது நடக்காது.

ஊர் தானே வானொலி நடத்தும் இந்த உரிமை சும்மா வந்ததில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். அதற்குப் பிறகும் 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்ததுபோல, கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. மக்கள் அமைப்புகள் 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் ஜகீராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்களின் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. தொடங்கிவைத்தவர், அந்த 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி.சாவந்த். அந்தப் பெண்கள் விதை பற்றியும் சிறுதானியம் பற்றியும் கைவைத்தியம் பற்றியும் தங்கள் வட்டாரத் தெலுங்கில் பேசினார்கள், பண்டிகைப் பாட்டுப் பாடினார்கள். நம் பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 கடலோடிகளுக்காகவே ஒலிக்கிறது. அங்கே கடல் வானிலைக்குப் பக்கத்திலேயே கடலைக் காப்பது பற்றிய பேச்சும் வருகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். எடிட்டிங் செய்யும் பிள்ளைகளுக்குச் சம்பளம் தர வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். 2024-ல் வந்த திருத்திய வழிகாட்டு நெறிகள் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தின. அதை வரவேற்போம், முழுதாகப் பயன்படுத்துவோம். மீதி 48 நிமிடம் ஊருடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும் என்பதும் நமக்கான விதிதான். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப நமக்கு அனுமதி கிடையாது. ஆகாசவாணிச் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். ஆகவே ஊர் தன் நிலையைத் தானே சொல்ல இந்த நிகழ்ச்சிகளை விட்டால் வேறு வழியில்லை. அவற்றையும் வெட்டினால் எஞ்சுவது வெறும் ஒலிபெருக்கி.

“நிகழ்ச்சி செய்ய ஆள் இல்லை” என்கிறது நிர்வாகக் குழு. நியாயமான பேச்சு. ஆளைக் காட்டுவோம்! மீனவர் நேரத்துக்கு இரண்டு இளைஞர்கள் வேண்டும். விடியற்காலையில் கரைக்குப் போய் வலை இழுப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. கூத்துக் கலைஞர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்து வரத் தேவையில்லை, ஒத்திகை நடக்கும் இடத்திலேயே பதிவு செய்யலாம். வளரிளம் பெண்கள் நிகழ்ச்சிக்குப் பள்ளி ஆசிரியைகள் கைகொடுக்க வேண்டும். கேள்வியைப் பிள்ளைகளே கேட்கட்டும். செல்போனில் பதிவு செய்தாலும் போதும், காற்றுச் சத்தத்தை நாங்கள் குறைத்துக்கொள்கிறோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். வராமல் இருக்கக் காரணம் தேடாதீர்கள். தெருவுக்கு இரண்டு பேராவது வாருங்கள், நேயர்களையும் கூட்டி வாருங்கள். வரைவில் பறிபோன ஒவ்வொரு அரை மணிக்கும் எதிரே பொறுப்பேற்பவரின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவோம்.