கோட்டைக்குக் காவல் உண்டு, கூலிக்காரனுக்கு?

தோழர்களே, டென்மார்க் நாட்டில் எல்சினோர் என்றொரு துறைமுக நகரம். ஹாம்லெட் நாடகக் கதை நடக்கும் குரோன்போர்க் கோட்டை அங்கேதான் நிற்கிறது. கோட்டை எந்தப் பணத்தில் செழித்தது? அந்தக் கடலிடுக்கைக் கடந்த கப்பல்களிடம் 1857 வரை மன்னர்கள் கறந்த சுங்கப் பணத்தில்! (1620ல் நமது தரங்கம்பாடியில் கோட்டை போட்டு, 1845ல் ஊரையே வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போனதும் இதே டேனிஷ் கூட்டம்தான்.)

கோட்டையின் காலடியில் 1882ல் கப்பல் கட்டும் தளம் ஒன்று எழுந்தது. அங்கே ஒரு டிரை டாக். அது என்ன? கரையிலே வெட்டிய பெரும் பள்ளம். தண்ணீரை விட்டுக் கப்பலை உள்ளே இழுப்பார்கள். கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். கப்பல் கட்டைகளின் மேல் உட்காரும். பிறகு தொழிலாளி அதன் வயிற்றுக்கடியில் நுழைவான். துரு சுரண்டுவான், தகடு மாற்றுவான், பெயிண்ட் அடிப்பான். கடல் மட்டத்துக்குக் கீழே நின்று வேலை. தலைக்கு மேலே இரும்பு மலை! பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கும் சேற்றில் குனிபவருக்கும் அந்த வேலையை நான் விளக்க வேண்டுமா?

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகெங்கும் கப்பல் ஆர்டர்கள் சரிந்தன. 1983ல் தளத்தை இழுத்து மூடினார்கள்.

2013ல் அதே பள்ளத்தில் கடல் மியூசியம் திறந்தார் அரசி. கோட்டையின் காட்சியை மறைக்கக் கூடாதாம். ஆகவே எல்லாம் பூமிக்கடியில். கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளத்தைத் தூர்க்காமல் வெறுமையாக விட்டு, அதன் சுவரைச் சுற்றி நிலத்தடியில் கூடங்கள் அமைத்தார்கள். குறுக்கே பாலங்கள் போட்டார்கள். கீழிருந்து ஊற்றுநீர் முட்டித் தூக்காதபடி டாக்கை மண்ணோடு பிணைத்தார்கள். பழைய கான்கிரீட் சுவர் பூச்சின்றி அப்படியே நிற்கிறது. நல்ல வேலைதான்!

ஆனால் "ஆலை போனால் என்ன, கலை வந்ததே!" என்று கைதட்டும் கனவான்களே, ஒன்று கேட்கிறேன். மன்னன் கோட்டையை 2000ல் உலகச் சொத்து என்று அறிவித்தீர்கள். அதன் மீது நிழல் விழக் கூடாதென்று ஒரு மியூசியத்தையே மண்ணுக்குள் இறக்கினீர்கள். கல்லுக்கு இத்தனை காவல்! 1983ல் அந்தத் தொழிலாளியின் அடுப்பு அணையாமல் காக்க எந்தச் சட்டம் எழுந்து நின்றது? கப்பல் போன பிறகு பள்ளம் கலைப்பொருள் ஆயிற்று. உள்ளே வேலை செய்தவன் என்ன ஆனான்? டிக்கெட் வாங்கிக் கீழே இறங்குகிறவர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து, முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.