வரி முறியும் இடமும் சொல் இணையும் இடமும்

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவின் பெயர் வரிக்கடைசியில் வந்தால், தமிழ்க் கணினி அச்சு 'பட்டான்செ' என்று நிறுத்தி, 'ரு'வை மட்டும் அடுத்த வரிக்கு இறக்கிவிடக்கூடும். இறுதியில் உள்ள 'செரு', தெலுங்கில் ஏரியைக் குறிக்கும் 'செருவு' என அறிந்தவர் 'பட்டான்-செரு' என்றே பிரிப்பார். (தமிழில் செரு என்றால் போர், அது வேறு கதை.) எழுத்தை மட்டும் பார்த்து வெட்டும் நிரலுக்கு ஏரியும் தெரியாது, போரும் தெரியாது. கைபேசியின் குறுகிய திரையில் ஆய்வேடு படிப்பவர்தான் வரிக்கு வரி இடறுகிறார்.

தமிழைப் போலவே சொற்களை இடைவெளியின்றி ஒட்டிச்செல்லும் டச்சு மொழியில் விதி தெளிவானது: முதலில் சொல்லின் மூட்டு, பின்னரே அசை. மூட்டுத் தவறினால் பொருளே மாறும். 'க்வார்ட்ஸ்லாகன்' என்பதைக் 'க்வார்ட்' என்று முறித்தால் கால்வட்டத் திருப்பங்கள். 'க்வார்ட்ஸ்' என்று முறித்தால் படிகக்கல் அடுக்குகள். நன்னூல் படித்தவர்க்கு இது புதிதன்று. தாமரையைத் தா + மரை எனப் பிரித்துத் தாவும் மானாக்குவது, பொதுமொழிக்கு வகுப்பறைகளில் காட்டப்படும் பழகிய எடுத்துக்காட்டு.

ஆயினும் டச்சு விதியை அப்படியே எடுத்தாள இயலாது. 'பலாப்பழம்' எளிதில் 'பலாப்-பழம்' ஆகும். 'கடலலை' அவ்வாறு பிரியாது. கடலும் அலையும் கூடும் இடம் 'ல' என்னும் ஒரே எழுத்தின் உள்ளே இருக்கிறது. 'கட-லலை', 'கடல-லை' என எங்கு வெட்டினாலும் மூட்டுச் சிதைகிறது. உரோமன் எழுத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியே நிற்பதால் டச்சுக்காரர்க்கு இந்த இடர் இல்லை.

அவர்களிடமிருந்து கொள்ளத்தக்கது வேறொரு வழக்கம். பாட்டியைச் செல்லமாகச் சுட்டும் 'ஓமாட்யே' என்னும் சொல்லில் அகர எழுத்து இரட்டித்து வரும். அவ்விடத்தில் வரி முறிந்தால் ஒன்று உதிரும். முறிவிடத்தில் எழுத்து மாறலாம் என்பது அங்கு ஏற்கப்பட்ட நெறி. தமிழிலும் முறிவிடத்தில் மட்டும் சந்தியைப் பிரித்துக் 'கடல்-அலை' எனக் காட்டலாம். மூல உரை மாறாது; திரை அகன்றால் மீண்டும் 'கடலலை' ஆகிவிடும். இது தமிழைச் சிதைப்பது என்பார், 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்துப் பதிப்பித்ததை எண்ணிப் பார்க்கலாம். ஓசைக்காகச் சொல்லை உடைக்கும் வகையுளிக்கேனும் யாப்பின் கட்டாயம் உண்டு. உரைநடைக்கு என்ன கட்டாயம்?

1983இல் ஃபிராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் வகுத்த முறை, பிரிப்பிடம் குறித்த சொற்பட்டியலிலிருந்தே வெட்டும் விதிகளை உருவாக்கிக்கொள்கிறது. தமிழுக்கு அத்தகைய பட்டியலைப் பொறியாளர் தனியே தொகுக்க முடியாது. புணரியல் படித்த தமிழ்த்துறை மாணவர்கள் உடன் அமர வேண்டும்.