டங்கன் அறியாத தமிழும் தமிழர் துறந்த தமிழும்

பூளைச் செடி மண்டிக் கிடந்த மேடு பூளைமேடு. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் ஆவிரையோடும் சேர்த்துக் கூரையிற் காப்புக் கட்டுகின்ற அந்த வெண்பூவே கோவையை அடுத்த அவ்வூர்க்குப் பெயர் தந்தது என்பர். பூளைமேடு காலப்போக்கில் பீளமேடு ஆயிற்று. பூவின் பெயராய் இருந்தது கண்ணழுக்கின் பெயராய்த் திரிந்தது! திரிந்ததை நாணுவாரும் இல்லை, திருத்துவாரும் இல்லை.

அப் பீளமேட்டின் அவினாசிச் சாலையில், ஆலைச் சங்குகள் ஊதிக் கிடந்த நிலத்தில், இன்று பேரங்காடிகளும் அவற்றின் மேன்மாடங்களில் திரையரங்குகளும் எழுந்து நிற்கின்றன. அவ்வரங்குகளின் விளம்பரப் பலகைகளைப் படிக்கின்றவன், தான் நிற்பது கொங்குநாட்டிலோ இலண்டன் மாநகரிலோ என்று ஐயுறுவான். படம் தமிழ்ப்படமாம்; பெயர் ஆங்கிலம்; பெயரைப் பொறித்த எழுத்தும் ஆங்கிலம்; உள்ளே சென்று அமர்ந்தால் உரையாடலிற் பாதியும் ஆங்கிலம். இதனைக் கடிந்துரைப்பார்க்கு விடையாகத் திரைத்துறையைச் சார்ந்தார் சிலர் ஒரு பெயரை எடுத்து வீசுவது வழக்கமாகிவிட்டது. "திரைக்கு மொழி ஏது? தமிழில் ஒரு சொல்லும் அறியாத அமெரிக்கர் ஒருவர் தமிழ்ப்படங்களை இயக்கிப் புகழ் பெறவில்லையா?" என்பது அவர்தம் வாதம்.

எல்லிசு ஆர். டங்கன் என்பாரின் வாழ்வைத் தலைகீழாகப் படித்தவர்களே இவ்வாறு பேச முடியும். நேராகப் படித்துப் பார்க்கட்டும்!

டங்கன் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பார்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றபோது உடன்பயின்ற மாணிக்லால் தாண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் இந்தியாவிற்கு வந்தார். சில திங்கள் தங்கித் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர் பதினைந்து ஆண்டுகள் தங்கிவிட்டார். அவ்வாண்டிலேயே தாண்டன் கல்கத்தாவில் எடுத்த 'நந்தனார்' படப்பணியில் உடனிருந்தார். நூறாயிரம் உருபா ஊதியம் பெற்று அப்படத்தில் நந்தனாராக நடித்தவர் காவிரிக்கரைக் கொடுமுடியிற் பிறந்த சுந்தராம்பாள். டங்கன் தாமே இயக்கிய முதற்படமாகிய 'சதி லீலாவதி' (1936), கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியாரின் பொருளில் உருவானது. ம. கோ. இராமச்சந்திரனும் டி. எசு. பாலையாவும் திரைக்கு முகம் காட்டியது அப்படத்திலேதான். ஆக, அமெரிக்கரின் தமிழ்த் திரைவாழ்வு தொடக்கத்திலேயே கொங்குநாட்டோடு பிணைந்து கிடந்தது.

தமிழ் அறியாத இவர் எவ்வாறு இயக்கினார்? உரையாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழறிந்த உதவியாளரை அருகில் நிறுத்திக்கொண்டு இயக்கினார். படப்பொறியை எங்கே நிறுத்துவது, எப்போது நகர்த்துவது, நாடகமேடைக்குப் பழகிப்போன நடிகரின் கைவீச்சை எப்படி அடக்குவது, முகத்தை எவ்வளவு அண்மையிற் காட்டுவது என்பனவற்றையெல்லாம் அவர் தீர்மானித்தார். மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெருந்தொண்டே. ஆனால் எந்தச் சொல் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அதனைத் தெரிந்தவரிடம் விட்டார். அந்த அடக்கம் தமிழ்க்குடியிற் பிறந்து தமிழ்ப்படம் எடுக்கின்ற எத்தனை பேருக்கு இருக்கின்றது?

இனி, அவர் இயக்கிய படங்களின் பெயர்களைக் கால வரிசையில் நோக்குக. 1936-இல் 'சதி லீலாவதி', 'இரு சகோதரர்கள்'. வடசொல் மூட்டைகள்! 1940-இல் 'சகுந்தலை', காளிதாசனின் வடமொழி நாடகக் கதை. 1945-இல் 'மீரா', அரசத்தானத்துப் பத்திமைக் கதை. ம. ச. சுப்புலக்குமியின் இசையால் அவ்விரண்டும் நின்றன. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சில் எடுத்த படமோ 'பொன்முடி'! பெயரும் தமிழ், கதையும் தமிழ். பாவேந்தர் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியமே அப்படத்தின் கதை. அவ்வாண்டிலேயே அதே சேலத்தில் 'மந்திரி குமாரி'. அப்பெயர் 'அமைச்சன் மகள்' என்றிருந்திருக்கலாம். எனினும் அதன் மூலம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி. உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி.

பதினைந்து ஆண்டுகளில் இயக்குநர் மாறவில்லை. 1936-இல் அவர்க்கு எவ்வளவு தமிழ் தெரியாதோ 1950-இலும் அவ்வளவே தெரியாது. அப்படியாயின் மாறியது எது?

மாறியது நாடு. 1916-இல் மறைமலையடிகள் ஊன்றிய தனித்தமிழ் வித்து முளைத்து வளர்ந்துகொண்டிருந்தது. 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது தமிழகம் கொதித்தெழுந்தது. 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் துறந்தனர். 1940-இல் அக்கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. மேடையிலும் ஏட்டிலும் கிளர்ந்த தமிழ் திரைக்குள்ளும் புகுந்தது. புகுத்தியவர்கள் எழுத்தாளர்கள். 1937-இல் டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யிலேயே அதன் முதற்கீற்றைக் காணலாம். சிலம்பு தந்த இளங்கோவின் பெயரைத் தம் புனைபெயராகச் சூடிக்கொண்ட இளங்கோவன் அதற்கு உரையாடல் எழுதினார். சேக்சுபியரின் 'உரோமியோவும் சூலியட்டும்' நாடகத்தைக் காட்டி, காதற்காட்சிகள் இவ்வாறு அமையவேண்டும் என்று டங்கன் கேட்டார். இளங்கோவன் அதனை உள்வாங்கித் தமிழாகத் தந்தார். ஆங்கிலம் அறிந்த இயக்குநர் ஆங்கிலத்தைப் பார்த்தெழுதிய தமிழைக் கேட்கவில்லை; ஆங்கில நாடகத்திற்கு ஈடு நிற்கும் தமிழைக் கேட்டார். கிடைத்தது. கேட்டால் தமிழ் தரும்!

பீளமேட்டிற்குத் தெற்கே சிங்காநல்லூர். ஆலை முதலாளிகள் முன்னின்று 1930-களில் நிறுவிய சென்ட்ரல் படப்பிடிப்பு நிலையம் அவ்வட்டாரத்திலே இயங்கியது. அங்கே 1947-இல் 'இராசகுமாரி' உருவானபோது, அப்படத்திற்கு உரையாடல் எழுதச் சிங்காநல்லூரிற் குடியிருந்த இளைஞரே, மூன்றாண்டு கழித்துச் சேலத்தில் 'மந்திரி குமாரி'க்கு உரையாடல் எழுதிய கருணாநிதி. எனவே டங்கனின் கடைசித் தமிழ்ப்படத்தில் ஒலித்த தமிழ், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததன்று. கொங்கு மண்ணிற் பயிற்சி பெற்றுச் சேலத்தில் அரங்கேறியது. அப்படம் முற்றுப்பெறுமுன்னரே டங்கன் தாய்நாடு திரும்பிவிட்டார், எஞ்சியதைத் தி. இரா. சுந்தரம் முடித்தார். இயக்குநர் இல்லாமலும் படம் முடிந்தது. உரையாடல் இல்லாமல் முடிந்திருக்குமா? திரைக்கு மொழி இல்லை என்போர் இதற்கு விடை கூறட்டும்.

டங்கன் பழிக்கு அப்பாற்பட்டவர் என்பது இங்குக் கருத்தன்று. 'பொன்முடி'யின் நெருக்கமான காதற்காட்சிகளை அன்றைய இதழ்கள் கடுமையாகக் கண்டித்தன. அக்கண்டனத்திற் பாதி மேலைப்பாணி மீதுள்ள அச்சம், மீதி நேர்மையானது. ஆயினும் தமிழைக் கெடுத்தார் என்று அவரை ஒருவரும் குற்றஞ்சாட்டவில்லை. தெரியாதவன் கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. கெடுப்பதற்குத் தெரிந்தவனே வேண்டும்!

தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2006-இல் தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. தாய்மொழியிற் பெயர் வைப்பதற்குக் கூலி! அந்தக் கூலிக்காக எத்தனையோ படங்கள் தமிழ்ப்பெயர் பூண்டன. 2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. பழைய விலக்கின் பயன் போயிற்று. தமிழ்ப்பெயர்களும் பலரிடமிருந்து உதிர்ந்தன. பணம் கட்டி வைத்த பற்று, பணம் போனதும் அவிழ்ந்துவிட்டது.

டங்கனின் பிற்கால வாழ்வு தமிழர்க்கு இன்னும் கூர்மையான பாடம். அமெரிக்கா திரும்பியவர் மேற்கு வர்சீனியா மாநிலத்து வீலிங்கு நகரில் தம் பெயராலேயே படநிறுவனம் கண்டார். கதைப்படம் விட்டு ஆவணப்படங்களில் இறங்கினார். தாம் வாழ்ந்த மண்ணின் தொழில்களையும் ஊர்களையும் வரலாற்றையும் படச்சுருளிற் பதித்தார். தம் ஊர் தம் ஊர்க்காரர்க்குத் தெரியவேண்டும் என்று உழைத்தார். கொங்கு நாட்டில் அவ்வாறு செய்தவர் எத்தனை பேர்? பஞ்சாலைகள் எழுந்ததும் சாய்ந்ததும், படப்பிடிப்பு நிலையங்கள் ஒளிர்ந்ததும் அணைந்ததும், தமிழிற் பேசும் ஆவணப்படமாய்ப் பீளமேட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்படுவது எந்நாள்? 1905-இலேயே படம் காட்டும் பொறியைத் தோளிற் சுமந்து ஊரூராய்ச் சென்ற சாமிக்கண்ணு வின்சென்டு கோவைக்காரர் என்பதைக் கோவையிலேயே எத்தனை மாணவர் அறிவர்? குண்டலகேசியைச் செல்லரிக்க விட்டுச் சில பாடல்களை மட்டும் கையில் வைத்திருக்கும் இனம், 1931-இன் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாசை'யும் ஒரு படிகூட இன்றித் தொலைத்துவிட்டது. ஓலை போயிற்று, படச்சுருளும் போயிற்று.

1994-இல் முதுமையில் டங்கன் சென்னைக்கு வந்தபோது திரையுலகம் விழா எடுத்துச் சிறப்புச் செய்தது. மாலை இட்டார்கள், புகழ்ந்தார்கள். 2001-இல் அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு திசம்பரில் அவர் வீலிங்கில் மறைந்தார். அவர் வாழ்வை ஆவணப்படமாக எடுத்தவர் கரண் பாலி. 2013-இல் வந்த அப்படத்தின் பெயர் 'மதராசில் ஓர் அமெரிக்கர்' என்று பொருள்படுவது. அப்பெயரும் ஆங்கிலத்திலேதான் இருக்கின்றது.