எழுத்தும் எண்ணும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுதல் நம்மவர் வழக்கு. கணினிக்கோ அவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களாம். திரையிலுள்ள படிவத்தில் ஒருவர் 53 என்று பதிவாராயின், அஃது இரண்டு குறிகள் அடுத்து நிற்கும் எழுத்துத் தொடரேயன்றி, ஐம்பத்து மூன்று என்னும் அளவன்று. அதனை முழு எண்ணாக மாற்றுதல் நிரல் எழுதுவோர் கடமை. அக்கடமையை மாணாக்கர் பலர் எளிதென்று கருதி விடுகின்றனராதலின், அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்து நாள்களில் முதல் வடிவம் அமைத்தது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. ஐயம் நேர்ந்தவிடத்தும் நில்லாது, தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு மேற்செல்லுதல் அதன் இயல்பு. '5', '3' என்னும் தொடர்களுக்கிடையே கூட்டற்குறி இடின் '53' என ஒட்டிவிடும்; கழித்தற்குறி இடின் 2 என்று விடை கூறும்.

இனி, மாற்றும் கருவிகளுள் பெரிதும் வழங்குவன பார்ஸ்இன்ட், நம்பர் என்னும் இரண்டு. முன்னையது தொடரை முதலிலிருந்து வாசித்து, இலக்கமல்லாத குறி எதிர்ப்பட்டவிடத்து நின்று, அதுகாறும் கண்டதையே விடையாகத் தரும். '12 கிலோ' என்பதை 12 என்று கொள்ளும், இது நன்றே. ஆயின், நம் நாட்டு முறைப்படி காற்புள்ளியிட்டு '1,25,000' என்றெழுதிய கல்விக் கட்டணத்தை அதனிடம் கொடுப்பின், ஒரு ரூபாய் என்றே உரைக்கும். பிழையென ஒரு சொல்லும் கூறாது. நம்பர் என்பதோ கண்டிப்புடையது. தொடர் முழுதும் எண்ணாக இராவிடின் 'நேன்', அஃதாவது எண்ணன்று, என மறுத்துவிடும். எனினும் ஒன்றும் எழுதாத வெற்றுத் தொடரை 0 எனக் கொள்வது அதன் குறை. தேர்வெழுத வாராத மாணவனும் சுழி பெற்ற மாணவனும் அதற்கு ஒருவரே.

'பதிவோரைத் திருப்பியனுப்பி வருத்துதல் தகுமோ? இயன்றவரை ஏற்றுக்கொள்வதன்றோ பண்பு?' எனச் சிலர் வினவுவர். பொருள் ஐயமற விளங்குமிடத்து ஏற்றுக்கொள்க. காற்புள்ளியை நீக்கிப் படிப்பதில் இழுக்கில்லை. விளங்காவிடத்து ஊகித்தல் பண்பன்று. பிறர் கணக்கைக் கெடுத்தலாம். விடை கிடைத்தமையே விடை சரியென்பதற்குச் சான்றாகாது. தவறான விடையை அமைதியாகத் தருவதினும், மறுத்துரைத்தலே நேர்மை என்பது நம் துணிபு.

ஆதலின், கட்டணம், மதிப்பெண் போல்வனவற்றை மாற்றுமுன், இடம் வெறுமையாயுளதா என்றும், காற்புள்ளி நீக்கிய பின் எஞ்சியவை யாவும் இலக்கங்களா என்றும் சோதித்தல் வேண்டும். பார்ஸ்இன்டை ஆளுங்கால் பத்தடி எண் என்பதையும் உடன் குறித்தல் நலம். 2009-ஆம் ஆண்டுத் தரவிதிக்கு முன், '08' என்பதை எட்டடி எண்ணாகக் கொண்டு 0 என விடை தந்த உலாவிகளும் இருந்தன. அன்றியும், இலக்கங்களால் ஆயவெல்லாம் எண்களல்ல. தொலைபேசி எண்ணையும் பதிவெண்ணையும் யாரும் கூட்டுவதில்லை. அவற்றை மாற்றின் முன்னிற்கும் சுழி மறையும். அவை எழுத்தாகவே இருத்தல் தகும்.

கட்டணம் செலுத்திய பெற்றோரும் தேர்வெழுதிய மாணவரும் நிரலின் உள்ளே புகுந்து பாரார். அதனை நம்பியே இருப்பர். கணினி வினவாது விட்டதை, நிரலெழுதும் நம் மாணாக்கர் வினவுவாராக.