அம்மாவுக்கு இரண்டு பிறந்த நாள்



பிறந்த நாள் என்றால் இப்போது கேக், பலூன், மெழுகுவர்த்தி என்று வீடே அமளிப்படுகிறது. நம் தோட்டத்து லயங்களில் அந்தக் காலத்தில் யார் பிறந்த நாள் கொண்டாடினார்கள்? பெற்றவளுக்கு அந்த நாள் நினைவிருந்தாலே பெரிது. "பெரிய வெள்ளம் வந்த வருஷம்", "தீமிதிக்கு முந்தின வாரம்", "பழைய துரை சீமைக்குப் போன மாசம்" – இவைதாம் நம் பெரியவர்களின் பிறப்புப் பத்திரங்கள்!

என் அம்மாவின் அடையாளக் கார்டில் பிறந்த தேதி 1-1-1943 என்று இருக்கிறது. ஆகவே 2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அவருக்கு எண்பது வயது. பிள்ளைகள் ஐவரும் இரண்டு மாதங்களுக்கு முன்பே கூடிப் பேசினோம். கிள்ளானில் ஒரு மண்டபம், நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு, மூன்றடுக்குக் கேக் என்று அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"விருந்தெல்லாம் உங்க இஷ்டம். என்னைய ஒரு நாளைக்குத் தைப்பிங்குக்குக் கூட்டிட்டுப் போங்க. ரயில்ல போகணும்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அங்க என்னம்மா இருக்கு? தோட்டத்தையே வித்து வீடு கட்டிட்டாங்க. சொந்தக்காரங்கன்னு ஒருத்தர்கூட இல்ல. இந்தக் கால் வலியோட எதுக்கு அலைச்சல்?" என்றார்.

அம்மா பதில் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா பேசாவிட்டால் அந்தப் பேச்சு முடியவில்லை என்று பொருள். கடைசித் தம்பிதான், "விருந்தும் இருக்கட்டும், ரயிலும் இருக்கட்டும்" என்று சமாதானம் செய்து, அடுத்த சனிக்கிழமைக்கு நான்கு டிக்கெட் எடுத்து வைத்தான். அம்மா, நான், தம்பி, அவனுடைய பதினான்கு வயது மகள்.

விருந்து குறையில்லாமல் நடந்தது. ஆயிரம் பிறை கண்ட தாய் என்று அண்ணன் மேடையில் பேசினார். பேரன் பேத்திகள் பாடினார்கள். அம்மா சிரித்த முகத்தோடு கேக் வெட்டினார். படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற என் காதருகே குனிந்து, "இந்தத் தேதி கிராணி போட்ட தேதிடி" என்றார். கூட்டத்தின் சத்தத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினோம். முன்பெல்லாம் பகல் முழுவதும் ஆடி ஆடிப் போன பாதை இது. இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்சாரம் வந்த பிறகு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. ஈப்போவைத் தாண்டியதிலிருந்து அம்மா சன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதைத் தம்பி வாங்கி மேலே வைக்கப் பார்த்தும் கொடுக்கவில்லை.

தைப்பிங்கைப் பற்றி இளம் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1937 வரைக்கும் பேராக்கின் தலைநகரம் இதுதான். நாட்டின் முதல் ரயில் ஓடியதும் இங்கேதான். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் பாதை போட்டு 1885 ஜூன் முதல் தேதி திறந்தார்கள். அந்தப் போர்ட் வெல்டுக்கு இப்போது கோலா செப்பேத்தாங் என்று பெயர். அந்தப் பாதை மறைந்துவிட்டது, ஊர் இருக்கிறது.

நிலையத்தில் இறங்கியதும் தம்பி டாக்சிக்குப் புறப்பட்டான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் பார்க்க வந்தது இதைத்தான். கொஞ்சம் உக்காருங்க" என்றார். புதிய நிலையத்தின் பக்கத்திலேயே பழைய நிலையக் கட்டடம் நிற்கிறது. அதைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்றுதான், இந்த வயதில், என் தாயின் கதையை நான் முதன்முறையாக முழுதாகக் கேட்டேன்.

ஜப்பான்காரன் காலம். 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று தோட்டத்தில் சொல்லிக் கூட்டினார்களாம். விரும்பிப் போனவர்கள் சிலர். பெயர் எழுதி இழுத்துக்கொண்டு போனவர்கள் பலர். என் தாத்தாவையும் எழுதினார்கள். அம்மாயி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தோட்டத்திலிருந்து இந்த நிலையம்வரை நடந்தே வந்து வழியனுப்பினாராம். சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியில் ஆட்களை அடைத்தார்களாம். கையில் கொடுத்தனுப்பிய சாப்பாடு, அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு பொட்டலம். அரிசி ஏது அப்போது?

மூன்று மாதம் போயிற்று. போரும் முடிந்தது. பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாய் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தாத்தா வரவில்லை. செத்தார் என்று பார்த்துச் சொன்னவரும் இல்லை. அம்மாயி தாலியைக் கழற்றாமலே இருந்து, தாலியோடுதான் கண்மூடினார்.

பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. நம் தோட்டத்து மக்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே மாண்டார்கள். நானும் இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பல்லாயிரத்தில் ஒருவர் என் அம்மாவைப் பெற்றவர் என்பது மட்டும் எனக்கு ஏதோ ஒரு செய்தியாகத்தான் தெரிந்திருந்தது.

"அப்படின்னா நீங்க எப்போ பிறந்தீங்க பாட்டி?" என்று பேத்தி கேட்டாள்.

"தீபாவளி முடிஞ்ச மறுவாரம். நல்ல மழையாம். தீபாவளின்னு பேர்தான், வீட்டுல எண்ணெய்கூடக் கிடையாது. பன்னெண்டு வயசுல ஐ.சி. எடுக்க எங்க மாமா கூட்டிட்டுப் போனாரு. பிறப்புப் பத்திரம் இல்ல. ஆபீஸ்ல இருந்த கிராணி 'வருஷம் தெரியுமா'ன்னு கேட்டாரு. சொன்னாரு. நாளு தெரியலேன்னதும் ஜனவரி ஒண்ணுன்னு எழுதிட்டாரு. தகப்பன் பேரைக் கேட்டாரு. சயாமுக்குப் போனவருக்கு எங்க பத்திரம்? மாமாகிட்டதான் ஒழுங்கான பத்திரம் இருந்திச்சு. அதனால தன் பேரையே குடுத்துட்டாரு."

வாசகர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் அடையாளக் கார்டில் இருக்கும் பெயரைத்தான் நான் இத்தனை காலமும் தாத்தாவின் பெயர் என்று எண்ணியிருந்தேன்! என் திருமணப் பத்திரிகையில்கூட அந்தப் பெயரின் பேத்தி என்றே அச்சாகியிருந்தது. அம்மா அன்று ஏன் திருத்தவில்லை? வளர்த்த மாமாவின் மனம் நோகும் என்றுதான். அவர் அப்போது உயிரோடு இருந்தார்.

"அப்போ கொள்ளுத் தாத்தா பேரு என்ன பாட்டி?"

பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. பிறர் குடும்பக் கதையெல்லாம் கேட்டு இந்தப் பக்கத்தில் எழுதுகிறவள் நான்!

"அம்மாயி வாயால அந்தப் பேரு வரவே வராது. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. மாமாதான் எனக்குச் சொன்னாரு," என்றார் அம்மா. பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். மெல்ல அல்ல, ஊர்க்கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார். அவர் தகப்பன் பெயரையும், புறப்பட்டு வந்த ஊரின் பெயரையும் சேர்த்தே சொன்னார். பேத்தி அதை நோட்டில் எழுதி, எழுத்துச் சரியா என்று பாட்டியிடம் காட்டினாள்.

அதன் பிறகுதான் துணிப்பை அவிழ்ந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கு, துருவிய தேங்காய், சீனி. ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடினார். மிச்சத்தை நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம். அவ்வழியே போன நிலைய ஊழியருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அந்த மலாய்க்காரத் தம்பி, காரணம் ஒன்றும் கேட்காமல், இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு ஊரைச் சுற்றினோம். தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். லயம் எது, பெரட்டுக் களம் எது, பால் ஸ்டோர் எது, எதுவும் தெரியவில்லை. முனியாண்டி கோவில் மட்டும் மரத்தடியிலிருந்து சிமெண்டுக் கட்டடத்துக்கு வந்திருந்தது. பூசாரிக்கு அம்மாவைத் தெரியாது. அம்மாவுக்கு அந்த மரத்தைத் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும், வாங்க" என்றார்.

மத்தியானம் சாப்பாடும் செண்டோலும் ஆயின. ஏரித் தோட்டத்துக்குப் போகும் வழியில் போர்வீரர் கல்லறை இருக்கிறது. சாலையின் இரு பக்கமும் பச்சைப் புல்லில் வெள்ளைக் கற்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூறுக்கும் மேற்பட்ட வீரர்களின் கற்கள் அவை. நம் இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. பாதிக்கு மேல் பெயர் அறியப்படாதவர்கள். பேத்தி அதைப் படித்துச் சொன்னதும் அம்மா சற்று நின்றார்.

"பேரு தெரியாதவனுக்கும் கல்லு வச்சிருக்காங்க. நல்ல காரியம். எங்கப்பாவுக்குப் பேரு இருக்கு, கல்லுதான் இல்ல," என்றார். குறையாகச் சொல்லவில்லை; கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்குக்குப் போய் நனையாமல் வந்தால் அது தைப்பிங்கே அல்ல! பழைய ஈயக் குட்டையைச் சீராக்கி 1880 இல் உண்டாக்கிய தோட்டம் அது. சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகிற மழைமரங்களைப் பார்த்தபடி ஒரு கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். "சின்னப் பிள்ளையில தீபாவளிக்கு மறுநாள் இங்கதான் வருவோம். கச்சான் வாங்கித் தருவாங்க" என்று சிரித்தார் அம்மா. திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். துணிப்பை காலியாக மேலே இருந்தது.

அன்றிரவே தம்பி அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் வெகு நேரம் பேசவில்லையாம். கடைசியில், "அந்தப் பேரு என்ன, இன்னொரு தரம் சொல்லு" என்றாராம்.

சகோதரிகளே, சகோதரர்களே! இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெரியவர்களின் பத்திரங்களில் இருப்பதெல்லாம் கிராணி கேட்டதும் எழுதியதும். அவர்கள் மனத்தில் இருப்பது வேறு. அது எந்த ஆபீசிலும் கிடைக்காது. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். உண்மையான பிறந்த காலம் எது, பெற்றோரின் சொந்தப் பெயர் என்ன, எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த ஊர், எந்தத் தோட்டம், சயாமுக்குப் போனவர் யார், திரும்பாதவர் யார் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. பாட்டிமார் கணவர் பெயரைச் சொல்லக் கூசினால், அவர்களின் கூடப்பிறந்தவர்களைக் கேளுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள்.

என் தாத்தாவின் பெயரை ஏன் இங்கே எழுதவில்லை என்று கேட்பீர்கள். அது எங்கள் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு நோட்டில் இருக்க வேண்டியது உங்கள் தாத்தாவின் பெயர்.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த மறுவாரம் பிள்ளைகள் ஐவரும் மீண்டும் அம்மா வீட்டில் கூடினோம். மண்டபம் இல்லை, மூன்றடுக்குக் கேக் இல்லை. ஒரு பெரிய சட்டி நிறைய மரவள்ளிக்கிழங்கு. அவிக்கக் கிழங்கு வாங்கி வந்தவர் எங்கள் அண்ணன்.