எண்ணாமலே அரிது என்பதா?

கூடலூரில் விடியுமுன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். குமுளி மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வளைவில் ஒரு வண்டி கவிழ்ந்தால், ரத்தத்துக்கு ஆள் தேடி ஓட வேண்டும். அப்படிக் கிடைக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்தைத்தான் கட்டாயமாகப் பார்க்கிறோம். எச்.டி.எல்.வி.-1 அதில் இல்லை.

எச்.ஐ.வி.க்கு முன்பே, 1980-இல் அறியப்பட்ட முதல் மனித ரெட்ரோவைரஸ் இது. ரத்தம், ஊசி, உடலுறவு, தாய்ப்பால் வழியே பரவும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. நூற்றில் சிலருக்கு மட்டும் ரத்தப் புற்றுநோயோ முதுகுத்தண்டு பாதிப்போ வரும். புற்றுநோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். தண்டுவடம் பாதித்தால் கால் விறைக்கும், நடை தளரும், சிறுநீர் அடங்காது. சுமை தூக்கித் தேய்ந்த முதுகு என்று நம்மூரில் எளிதாகச் சொல்லிவிடலாம். இன்னொன்றும் உண்டு: வெறுங்கால் வழியே மண்ணிலிருந்து ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு, இந்த வைரஸ் இருக்கும் உடலில் பெருகி உயிரையே எடுக்கலாம். தோட்ட மண்ணில் நாள் முழுக்க நிற்பவர்களை விட்டுவிட்டு இதை யாரிடம் தேடுவது?

ஜப்பான் 1986 முதலும், அமெரிக்கா 1988 முதலும், பிரிட்டன் 2002 முதலும் கொடை ரத்தத்தில் இதைச் சோதிக்கின்றன. இந்தியாவில் அரிது என்பது நம் பதில். இருக்கலாம். தென்னிந்திய நோயாளிகளிடம் கண்டதை நம் மருத்துவர்களே பதிந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. இங்கே வராது என்றுதான் 1986 வரை இருந்தோம். சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் சிலவற்றில் தொற்று தெரிந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று.

ஒவ்வொரு பைக்கும் உடனே சோதனை என்று நாம் கேட்கவில்லை. அந்தச் செலவு எளிதல்ல. தேனி அரசு மருத்துவக் கல்லூரி உட்பட சில ரத்த வங்கிகளில், பெயர் நீக்கிய மாதிரிகளைக் கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடக்கட்டும். வைரஸ் வெள்ளணுக்களுக்குள் குடியிருப்பதால், அவற்றை வடிகட்டிய ரத்தத்தைக் கர்ப்பிணிகளுக்கும் அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியாக் குழந்தைகளுக்கும் முதலில் கொடுக்கலாம். 2018-இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அந்தக் கொடையாளரின் 2016 சோதனையிலேயே தொற்று தெரிந்திருந்தது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எந்தப் புதிய சோதனைக்கும் முன்னால், முடிவைக் கொடையாளர் வீடுவரை ரகசியமாகக் கொண்டுசேர்க்கும் ஆளும் பதிவேடும் வேண்டும்.